கண் மங்கிய அம்மிச்சிக்கு ஆசாரத்தில் ஆட்கள் தெரிவது ஏன்?

காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் உங்கள் அம்மிச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வயது 81. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நாலைந்து மாதமாகப் பொழுது இறங்கும் நேரத்தில், மஞ்சளும் பச்சையுமாகப் பாவாடை கட்டிய சிறு பெண்கள் ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) வரிசையாக உட்கார்ந்திருப்பது தெரிகிறதாம். மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் தலைப்பாகை கட்டிய குள்ளமான ஆட்கள் நடக்கிறார்களாம். யாரும் பேசுவதில்லை. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறார்கள். மாமா, கன்னிமார் வந்திருக்கிறது, பூசை போட வேண்டும் என்கிறார். அத்தை, மூளை கலங்கிவிட்டது என்கிறார். அம்மிச்சி உங்களிடம் மட்டும் தனியாக, "அது நெசமில்லைன்னு எனக்கே தெரியுது சாமி, ஆனா கண்ணு முன்னாடி நிக்குதே" என்றிருக்கிறார். இது பைத்தியத்தின் தொடக்கமா, இல்லாததை மூளை எப்படி இருப்பதாகக் காட்டுகிறது என்பது நீங்கள் கேட்டது. ஆனால் அம்மிச்சி சொன்ன அந்த வாக்கியத்துக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கண் முன்னால் தெளிவாக நிற்கும் ஒன்றை நிஜமில்லை என்று அவரால் எப்படிச் சொல்ல முடிகிறது? உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

நான் கோவையில் நரம்பியல் மருத்துவராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். தாராபுரம், பல்லடம், உடுமலை, பவானிப் பக்கத்திலிருந்து வரும் வயதானவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அம்மிச்சியை நான் நேரில் பரிசோதிக்கவில்லை, அதனால் நோய் இதுதான் என்று முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் விவரித்ததை அப்படியே எடுத்துக்கொண்டால் இது சார்லஸ் போனே சிண்ட்ரோம் என்ற நிலையோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. கண் பார்வை நிறையக் குறைந்தவர்களுக்கு, புத்தி தெளிவாக இருக்கும்போதே, இல்லாத உருவங்கள் தெரிவதுதான் அது. மனநோயும் இல்லை, மறதி நோயும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே என்ற இயற்கை ஆய்வாளர் 1760-ல் தன் தாத்தா சார்லஸ் லுலினைப் பற்றி எழுதினார். தாத்தாவுக்கு வயது 90-ஐ நெருங்கியிருந்தது, கண்புரையால் பார்வை போயிருந்தது. அவர் கண் முன்னால் ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் வந்து போயின. அவை மெய்யல்ல என்பது தாத்தாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1930-களில் அதே ஊரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் டி மோர்சியர் இந்த நிலைக்குப் போனேயின் பெயரை வைத்தார். லுலின் கண்ட பெண்கள் அவர் காலத்து ஐரோப்பிய உடையில் வந்தார்கள், அம்மிச்சிக்குப் பாவாடையில் வருகிறார்கள். பார்வை மிகவும் குறைந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவரிலிருந்து மூவர் வரை இப்படிப் பார்ப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணிக்கை ஆய்வுக்கு ஆய்வு மாறுவதற்கு ஒரு காரணம், பலர் வெளியே சொல்வதே இல்லை என்பது. கேட்டால்தான் சொல்வார்கள். அதுவும் மருமகள் அறையை விட்டு வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இனி ஏன் தெரிகிறது என்பதற்கு வருகிறேன். கண் படம் பிடிக்கிறது, மூளை அதைப் பார்க்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணிலிருந்து போவது படம் இல்லை. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பன்னிரண்டு கோடிக்கு மேல் இருக்கின்றன. ஆனால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் ஏறக்குறைய பத்து லட்சம் இழைகள்தான். அதனால் எது மாறுகிறது, எங்கே ஓரம் இருக்கிறது, எங்கே வெளிச்சம் சட்டென்று குறைகிறது என்ற சுருக்கமான செய்திதான் போகிறது. எழுத்துப் படிக்கும் அளவுக்குக் கூர்மையாகத் தெரிவது நடுவில் இரண்டு டிகிரி அளவு இடம் மட்டும், அதாவது கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. மற்ற இடமெல்லாம் மங்கல்தான். கண் ஒரு நொடிக்கு மூன்று தடவைபோல இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, அப்படித் தாவும் கணத்தில் பார்வை ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இவ்வளவு துண்டு துண்டான செய்தியிலிருந்துதான் இந்த வீடு, வாசல், வேப்பமரம் எல்லாம் ஓர் ஆட்டமும் இல்லாமல் நமக்குத் தெரிகின்றன. தைத்து ஒட்டும் வேலை முழுக்க மூளையுடையது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, அதற்கு நாலு விரல் தள்ளி வலது பக்கம் பட்டாணி அளவில் ஒரு கறுப்புப் புள்ளி போடுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி, கையை நீட்டிப் பிடித்த தாளை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை, அதனால் ஒவ்வொரு கண்ணிலும் அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் எட்மே மாரியட் 1660-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கறுப்பாக ஒரு குழி தெரிவதில்லை, வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. கோடு போட்ட தாளாக இருந்தால் கோடும் இணைந்தே தெரியும். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை, மூளை சுற்றிலும் இருப்பதை வைத்து நிரப்பிவிடுகிறது. அம்மிச்சிக்கு நடப்பதும் நிரப்புவதுதான், ஓட்டை மட்டும் பெரியது.

ஜெர்மனியின் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களில், பார்ப்பது என்பது நம்மை அறியாமல் மூளை செய்யும் ஊகம் என்று எழுதினார். வந்த செய்தியும் பழைய அனுபவமும் சேர்ந்துதான் காட்சி. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மசமசவென்று இருட்டும் நேரத்தில் வரப்பில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய் பாம்பாகத் தெரியும், கால் தானாகப் பின்னால் போகும், அப்புறம்தான் குழாய் என்று புரியும். அந்த அரை நொடியில் நீங்கள் பாம்பு என்று நினைக்கவில்லை, பாம்பையே பார்த்தீர்கள். வெளியே ஒரு பொருள் இருந்து அது வேறாகத் தெரிந்தால் மாயத்தோற்றம். வெளியே எதுவுமே இல்லாமல் தெரிந்தால் பிரமை. மருத்துவத்தில் இரண்டையும் பிரித்துத்தான் பேசுவோம், ஆனால் இரண்டையும் கட்டும் பட்டறை ஒன்றே.

கண்ணிலிருந்து செய்தி வருவது நின்றுவிட்டால் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெறும் இரைச்சல்கூடப் பேச்சுப்போலக் கேட்கும் அல்லவா, அப்படி அந்த நரம்புச் செல்கள் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன, தாங்களாகவே துடிக்கத் தொடங்குகின்றன. இதற்குக் கண் கெட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாஸ்டனில் நடந்து 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், நல்ல கண் உள்ள 13 பேருக்கு ஐந்து நாள் முழுக்கக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். பத்துப் பேருக்குக் காட்சிகள் வந்தன, சிலருக்கு முதல் நாளிலேயே. கட்டை அவிழ்த்ததும் போய்விட்டன. இது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஆய்வு. நோயே இல்லாத மூளையும் வெளிச்சத்தைப் பறித்தால் தானே படம் போடும் என்று அது காட்டுகிறது.

எந்தப் பகுதி துடிக்கிறதோ அதற்கேற்ற காட்சி வரும் என்பதும் ஓரளவு உறுதியாகத் தெரியும். 1998-ல் லண்டனில் டொமினிக் ஃபிட்ச் குழுவினர், இப்படிப் பிரமை வருகிறவர்களை, மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, காட்சி வரும்போது சொல்லச் சொன்னார்கள். வண்ணங்கள் தெரிந்தவருக்கு வண்ணத்தைக் கையாளும் பகுதி, முகங்கள் தெரிந்தவருக்கு முகத்தை அடையாளம் காணும் பகுதி என்று வேலை செய்தது. அதாவது அம்மிச்சி கற்பனை செய்து சொல்லவில்லை. நிஜமான மஞ்சள் பாவாடையைப் பார்க்கும்போது எந்தச் செல்கள் வேலை செய்யுமோ அதே செல்கள்தான் அப்போதும் வேலை செய்கின்றன. "தெரியுது" என்று அவர் சொல்வது உண்மை. குள்ளமான உருவங்கள், தொப்பியோ தலைப்பாகையோ வைத்தவர்கள், விதவிதமான உடை, முன்பின் தெரியாத முகங்கள், பேச்சே இல்லாமை, இவையெல்லாம் உலகம் முழுக்க இந்த நிலையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறவை. காங்கேயத்துக்கு மட்டும் வந்தவை அல்ல.

காதுக்கும் இது நடக்கும். நம் பக்கத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சோமனூர், பல்லடம், குமாரபாளையம் என்று விசைத்தறி ஓடாத ஊர் குறைவு. வாழ்நாள் முழுக்கத் தறிக்கு நடுவில் நின்றவர்களுக்கு உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் மெல்லப் போய்விடுகிறது. அப்புறம் ராத்திரி அமைதியாகப் படுத்ததும் காதுக்குள் இரைச்சல் கேட்கும். காது நன்றாக மந்தமான வயதானவர்கள் சிலருக்கு அது இரைச்சலோடு நிற்பதில்லை, கோயில் நோம்பியில் கேட்ட பாட்டாகவோ மேளமாகவோ கேட்கும். "பக்கத்து ஊர்ல மைக் செட்டு ராத்திரியும் பகலும் நிறுத்தவே மாட்டேங்கறான்" என்று கோபப்படுவார்கள். வீட்டில் வேறு யாருக்கும் கேட்காது. கண்ணில் நடப்பதும் காதில் நடப்பதும் ஒரே காரியம்தான், செய்தி குறைந்த இடத்தை மூளை நிரப்புகிறது. பலருக்குக் காது மெஷின் வைத்ததும் பாட்டு குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை.

சரி, நிரப்புவதே மூளையின் வேலை என்றால், எது நிரப்பியது, எது வெளியிலிருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அம்மிச்சியின் வாக்கியத்துக்குள் இருந்த கேள்வி இதுதான். ஒரே ஒரு காவல்காரன் உட்கார்ந்து பார்த்து முத்திரை குத்துவதாகத் தெரியவில்லை. பல சரிபார்ப்புகள் சேர்ந்து நடக்கின்றன. முதலாவது, நம் சொந்த அசைவுக்கான கணக்கு. கண்ணைத் திருப்பும்போது விழித்திரையில் உலகமே நகர்கிறது, ஆனால் உலகம் ஆடுவதாகத் தெரிவதில்லை. கண்ணைத் திருப்பச் சொல்லி உத்தரவு போகும்போதே அதன் நகல் ஒன்று பார்வைப் பகுதிக்கும் போய், இவ்வளவு நகர்வு நம்மால் வந்தது, கழித்துக்கொள் என்று சொல்லிவிடுகிறது. கண்ணின் ஓரத் தோலை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், அறையே ஆடும், ஏனென்றால் அந்த அசைவுக்கு அப்படிப்பட்ட உத்தரவு எதுவும் போகவில்லை. கண் அறுவை செய்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வராததும் இதே காரணத்தால்தான் என்று 1998-ல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிறுமூளை முன்கூட்டியே கணித்து அந்தத் தொடு உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது.

இரண்டாவது, புலனோடு புலனை ஒத்துப் பார்ப்பது. கண் சொல்வதும் கை சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று மூளை எப்போதும் பார்க்கிறது, எது அந்த நேரத்தில் நம்பகமோ அதற்கு அதிக எடை கொடுக்கிறது. பிறந்த குழந்தைக்கே இது முழுதாக அமைந்து வருவதில்லை. பிறவியிலேயே கண்புரையோடு இருந்து பின்னால் அறுவை செய்துகொண்ட இந்தியக் குழந்தைகளிடம் பவன் சின்ஹா குழுவினர் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. கையால் தடவிப் பார்த்த ஒரு கட்டையைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் அறுவை முடிந்த உடனே அவர்களால் முடியவில்லை, பிறகு மெல்ல வந்தது. இந்த ஒத்துப்பார்த்தலே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. மெக்கர்க், மெக்டொனால்டு இருவரும் 1976-ல் காட்டியபடி, காதில் "பா" என்ற ஒலியையும் கண்ணுக்கு "கா" என்று அசையும் உதட்டையும் கொடுத்தால் பலருக்கு "டா" என்று கேட்கிறது. தறிக்கூடத்தில் இருப்பவர்கள் அவ்வளவு சத்தத்திலும் ஒருவர் உதட்டைப் பார்த்து இன்னொருவர் பேசிக்கொள்வது இந்த இணைப்பின் நல்ல பக்கம். அம்மிச்சியிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெண்களைத் தொடக் கையை நீட்டியிருப்பார். கையில் ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது. கொலுசுச் சத்தம் இல்லை, காலடி இல்லை, நாய் குரைக்கவில்லை. கண் ஒன்று சொல்ல, கையும் காதும் வீட்டு நாயும் வேறொன்று சொல்கின்றன.

மூன்றாவதுதான் கடினமானது. உள்ளே உருவான படத்துக்கும் வெளியிலிருந்து வந்த படத்துக்கும் மூளைக்குள்ளேயே ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? 1910-ல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் செவ்ஸ் பெர்க்கி என்ற உளவியலாளர் ஓர் அழகான சோதனை செய்தார். ஒரு திரையைப் பார்த்தபடி வாழைப்பழம், தக்காளி என்று கற்பனை செய்யச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல் அதே பொருளின் மிக மங்கலான படத்தைத் திரையில் விழச் செய்தார். பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் கற்பனை என்றே நினைத்தார்கள். படுக்கை வசமாக நினைத்த பழம் நிற்கிறதே என்று வியந்தவர்கள்கூட இருந்தார்கள். 2023-ல் லண்டனில் நாடின் டைக்ஸ்ட்ரா, ஸ்டீஃபன் ஃபிளெமிங் இருவரும் இன்றைய முறையில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தபோது, கற்பனையும் காட்சியும் மூளைக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதாகவும், அந்தக் கலவை ஒரு அளவைத் தாண்டினால் நிஜம் என்று எடுத்துக்கொள்ளப்படுவதாகவும் சொன்னார்கள். நிஜமும் நினைப்பும் தனித்தனிப் பெட்டியில் வருவதில்லை, பலத்தை வைத்துத்தான் முதல் தீர்ப்பு. சாதாரணக் கற்பனை அந்த அளவைத் தொடுவதில்லை. போனே நிலையில் வரும் காட்சி தாண்டிவிடுகிறது, அதனால்தான் அது நினைப்பாக இல்லாமல் பார்வையாகவே இருக்கிறது.

அப்படித் தாண்டி வந்த காட்சியை மேலே உட்கார்ந்து எடைபோடுவது பெரும்பாலும் முன்மூளையின் வேலை. இது நான் பார்த்ததா, நினைத்ததா, யாராவது சொன்னதா என்று பிரித்துப் பார்க்கும் திறனுக்கு மார்சியா ஜான்சன், கேரல் ராய் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1981-ல் பெயரிட்டு விளக்கினார்கள். 2015-ல் கேம்பிரிட்ஜின் ஜான் சைமன்ஸ் குழு, மனச்சிதைவு நோயில் பிரமை வருகிறவர்களுக்கு முன்மூளையின் நடுப்பக்கத்தில் உள்ள ஒரு மடிப்பு நீளம் குறைவாக இருப்பதாகவும், ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் பிரமை வரும் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூடுவதாகவும் கண்டது. அதற்காக மடிப்பை அளந்து ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்க்கும்போது தெரியும் போக்கு அது, தனி ஆளுக்கான சோதனை இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அம்மிச்சியின் நிலை தெளிவாகிறது. காட்சி தோன்றுவது ஒரு வேலை, அதை நம்புவது இன்னொரு வேலை. அவருக்கு முதல் வேலையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, அதற்குக் கண்ணில் காரணமும் இருக்கிறது. இரண்டாவது வேலை குறையில்லாமல் நடக்கிறது. நிஜமில்லை என்று தெரிந்தும் ஏன் மறையவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்றின் முனைகளில் உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் அம்புக்குறி போட்டால் ஒன்று நீளமாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து சமம் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் தெரியும். பார்வைப் பகுதி, நமக்குத் தெரிந்ததைக் கேட்டுத் தன் வேலையை மாற்றிக்கொள்வதில்லை. அதனால் "அதையே நினைக்காதீங்க, போயிரும்" என்று அம்மிச்சியிடம் சொல்ல வேண்டாம். அவர் நினைத்து வரவழைக்கவில்லை.

இன்னும் முடிவாகாதவையும் உண்டு. ஒரே அளவு பார்வை போன இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதற்கு நல்ல விடை இல்லை. மூளை எப்போதும் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது, கணிப்புக்கு அதிக எடை கொடுத்தால் பிரமை வருகிறது என்ற கோட்பாடு இப்போது செல்வாக்கோடு இருக்கிறது. எனக்கும் அது பெருமளவு சரியாகப்படுகிறது, ஆனால் எல்லா வகைப் பிரமையையும் அது ஒன்றே விளக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதிலும் கருத்து மாறிவிட்டது. ஒன்றரை வருடத்தில் நின்றுவிடும் என்று முன்பு தைரியமாகச் சொல்லுவோம். பலருக்கு ஐந்து வருடம் தாண்டியும் தொடர்வதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மிச்சியிடம், அடிக்கடி வருவது நாளாக நாளாகக் குறையலாம், ஆனால் தேதி சொல்ல முடியாது என்று சொல்வதே நேர்மை.

நான் சொன்ன ஆறுதல் எல்லாம் ஒரு நிபந்தனையோடுதான். வேறு காரணம் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திடீரென்று ஓரிரு நாளில் ஆரம்பித்து, கூடவே நாள், நேரம், ஆள் குழம்பினால், தூங்கித் தூங்கி விழுந்தால், அது டெலிரியம், அதாவது உடல் கோளாறால் மூளை திடீரென்று குழம்புவது. மூத்திரத் தொற்று, சளிக் காய்ச்சல், ரத்தத்தில் சோடியம் குறைவது என்று ஏதாவது காரணம் இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேச்சு நாளுக்கு நாள் தெளிந்தும் குழம்பியும் மாறினால், நடை தளர்ந்து கை கால் இறுகினால், தூக்கத்தில் கையைக் காலை உதறிக் கத்தினால், லூயி பாடி டிமென்ஷியாவா (பிரமையும் சேர்ந்து வரும் ஒரு மறதி நோய்) என்று பார்க்க வேண்டும். அதில் ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள் பெரிய தீங்கு செய்யும், அதனால் பிரமை என்றதும் யாரோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையையோ மனநோய் மாத்திரையையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். உருவங்கள் அவரோடு பேசினால், கட்டளையிட்டால், அல்லது அவை நிஜம்தான் என்று அவர் வாதாடத் தொடங்கினால் அதுவும் போனே நிலை இல்லை. ஒரே பக்கமாகச் சில நொடி மட்டும், ஒவ்வொரு தடவையும் அச்சடித்ததுபோல ஒரே வண்ண வட்டம் வந்து போனால் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் கண் மருத்துவரிடம் காட்டி, கிளாக்கோமாவோடு கண்புரையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எடுக்கக்கூடிய புரை இருந்து எடுத்தால், உள்ளே போகும் வெளிச்சம் கூடுவதாலேயே சிலருக்குக் காட்சிகள் குறைகின்றன. அப்புறம் ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ நல்ல பொது மருத்துவரிடமோ சோடியம், சர்க்கரை, மூத்திரம் ஆகியவற்றைப் பரிசோதித்து, ஞாபகசக்தியையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர் பார்த்து முடிவு செய்யட்டும், எல்லோருக்கும் தேவைப்படாது. அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூத்திரம் அடக்க முடியாததற்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் வயதானவர்களுக்குப் பிரமையைக் கொண்டுவரும். கிளாக்கோமா சொட்டு மருந்துகள் சிலவும் அரிதாகக் குழப்பம் தருவதுண்டு. அதற்காகச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், கேட்டு மாற்றலாம். நிறுத்தினால் மிச்சமிருக்கும் பார்வையும் போகும், போனால் திரும்பாது.

வீட்டில், பொழுது இறங்குவதற்கு முன்பே ஆசாரத்திலும் கட்டுத்தரைப் பக்கமும் நல்ல வெளிச்சமுள்ள லைட்டைப் போட்டுவிடுங்கள். மங்கிய வெளிச்சமும் தனியாகச் சும்மா உட்கார்ந்திருப்பதும்தான் இந்தக் காட்சிகளுக்கு மிகவும் தோதானவை. வரும்போது தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாக இருபது தடவைபோல மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். சிலருக்கு உடனே கலைந்துவிடுகிறது. இதற்குப் பெரிய ஆய்வுச் சான்று இல்லை, ஆனால் செலவும் இல்லை, தீங்கும் இல்லை. இதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இப்போது இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை தேவைப்படுவதும் இல்லை, என்ன ஏது என்று தெரிந்ததுமே பயம் பாதி போய்விடுகிறது.

மாமாவிடம் சண்டை வேண்டாம். தோட்டத்தில் கன்னிமார் கல் இருந்து, வருடா வருடம் பொங்கல் வைக்கிற குடும்பமாக இருந்தால், மூளை காட்டிய ஏழெட்டுப் பெண்களுக்கு அவர் அந்தப் பெயரைக் கொடுப்பது இயல்பு. பூசை போடுவதால் அம்மிச்சிக்கு ஒரு கெடுதலும் வராது, மனசுக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம். கோடாங்கி வைத்து ராத்திரி முழுக்க உட்கார வைப்பது, சோறு தண்ணி குறைப்பது, வேப்பிலையால் அடிப்பது, கண்ணில் எதையாவது பிழிவது, இவைதான் கூடாது. அத்தையிடம், அவருக்குப் புத்தி கலங்கவில்லை, கண்தான் கெட்டிருக்கிறது என்று அம்மிச்சி காதில் விழும்படி சொல்லுங்கள். 81 வயதில் தன்னைப் பைத்தியம் என்று வீட்டார் நினைப்பார்களோ என்ற பயம், அந்தக் காட்சிகளைவிடப் பெரிய வேதனை.

கடைசியாக ஒன்று. உங்கள் அப்புச்சி தவறிப் போய் ஒரு வருடம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மிச்சி என்றைக்காவது அவரைத் திண்ணையில் பார்த்ததாகச் சொன்னால் அது இதிலிருந்து கொஞ்சம் வேறான விஷயம். போனே நிலையில் பெரும்பாலும் தெரியாத முகங்கள்தான் வரும். துணையை இழந்தவர்களுக்கு அந்த ஆளே பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவது நல்ல கண் உள்ளவர்களுக்கும் நடக்கிறது. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படி உணர்ந்திருந்தார்கள், சிலர் கண்ணாலும் பார்த்திருந்தார்கள், அவர்களில் பலர் அதை ஆறுதலாகவே சொன்னார்கள். அதற்கும் வைத்தியம் வேண்டியதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, என்ன பார்க்கிறார், எப்போது, எவ்வளவு நேரம், நிறம் என்ன, தொட்டுப் பார்த்தாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு வேறெந்த ரிப்போர்ட்டையும்விட அந்தக் குறிப்பு உதவும்.